டெம்புராக் கடையில் இலை மடித்தவர்

கடை வாசலில் இரண்டு வரிசை நின்றது. ஒன்றில் முப்பது பேர். மற்றதில் நான்கே பேர்.

அப்பாசாமி ஐம்பத்தேழு வருடமாக ரங்கூன்வாசி. பஸ், பாஸ்போர்ட், பெட்ரோல், சமையல் எண்ணெய் என்று அத்தனைக்கும் நின்று நின்று கால் பழகியவர். இரண்டு வரிசை இருந்தால் எதில் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். விறுவிறுவென்று போய் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டார்.

நின்ற பிறகுதான் நீள வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பாவமாக இருந்தது. அத்தனையும் நரைத்த தலைகள். ஜப்பான் சாப்பாட்டுக்கு இளசுகள்தான் வரும் என்று நினைத்திருந்தார். இளசுகள் எல்லாம் அவர் வரிசையில் இருந்தார்கள். நீள வரிசையில் கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசிய அம்மாள்களும், வெற்றிலை குதப்பும் பெரியவர்களும். ஒரு சீனக் கிழவர், சித்திரை வெயிலில், பஞ்சு வைத்துத் தைத்த குளிர் ஜாக்கெட் போட்டிருந்தார். நெஞ்சில் ஜப்பான் எழுத்து. வியர்வை மோவாயில் சொட்டியது. கழற்றவில்லை.

'சரியான பைத்தியம்' என்று நினைத்துக்கொண்டார் அப்பாசாமி.

வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒரு பெண். தலையில் முக்காடு, முப்பது வயது, முகத்தில் டிராபிக் போலீஸ் களை. சட்டையில் குத்தியிருந்த அட்டை அவள் பெயர் அப்ஸானா என்றது.

"சாப்பிட வந்தீங்களா, ஊலே?" என்று பர்மியத்தில் கேட்டாள். பர்மாவில் முன்பின் தெரியாத பெரியவர் எல்லோரும் ஊலேதான். மாமா.

'சாப்பாட்டுக் கடைக்கு முடிவெட்டிக்கவா வருவாங்க?' என்று கேட்க நினைத்தவர், "ஆமாம்மா" என்றார்.

"நிச்சயமா சாப்பிடத்தானே?"

"நிச்சயமா."

"பேர்?"

ரங்கூன் தமிழர் பலரையும் போல அவருக்கும் இரண்டு பெயர். வீட்டுக்கு அப்பாசாமி, அடையாள அட்டைக்கு ஊ மின் லுவின். வந்த காரியம் ரகசியம். அட்டைப் பெயரே பத்திரம் என்று பட்டது.

"ஊ மின் லுவின்" என்றார்.

அவர் இங்கே வந்தது இரண்டு தெரு தள்ளியிருக்கும் அவருடைய ஷிப்பிங் ஆபீசுக்குக்கூடத் தெரியாது. கஸ்டம்ஸ் வரை போய்வருவதாகச் சொல்லிவிட்டு, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கைப் பக்கத்து மேஜை நெல்சனிடம் தள்ளிவிட்டு வந்திருந்தார். நெல்சன் தூக்கைத் திறந்துவிட்டு, "என்னண்ணே, வடைக்கு அடியில பேப்பரெல்லாம் மடிச்சு வெச்சிருக்காங்க அண்ணி? ஹோட்டல் கணக்கா!" என்றான்.

"கொஞ்ச நாளா இந்தக் கிறுக்கு. எண்ணெயை உறிஞ்சுமாம். சாப்பிட்டுட்டுத் தூக்கைக் கழுவி வை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லாம் அவருடைய ஒரே மகன் தமிழ்மணியால் வந்தது.

பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, இருபது வயதுப் பையன்களை ஊரில் வைத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லாத காலம். மணியையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஃபுகுவோகாவில் வேலை என்றார்கள். ஆபீசில் அப்பாசாமி 'ஹோட்டல் மேனேஜ்மென்ட்' என்று சொல்லி வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்டும் நெட்டும் ஒன்றாக இருந்த அதிசய வேளையில், போனில் கேட்டார்.

"என்ன வேலைடா அங்க உனக்கு?"

"டெம்புராக் கடையில கவுண்டர் வேலைப்பா. டெம்புரான்னா ஜப்பான்காரங்க பஜ்ஜி. தட்டுல ஒரு பேப்பர் இருக்கும். எண்ணெயாயிட்டா அதை எடுத்துட்டு வேற பேப்பர் வைக்கணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்பா."

"பேப்பர் மாத்தறதுக்காடா உன்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வெச்சேன்?"

நெட் போய்விட்டது என்று நினைத்தார். நெட் போகவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்பனுக்கும் மகனுக்கும் இரண்டு கேள்வி, இரண்டு பதில். நல்லா இருக்கியா? நல்லா இருக்கேன்பா. சாப்பிட்டியா? சாப்பிட்டேன்பா. பிறகு, "அம்மாகிட்ட குடுங்க."

ரத்தினம்மாள் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போவாள். அரை மணி நேரம் பேசுவாள். சிரிப்புச் சத்தம் வேறு கேட்கும். அந்தப் பையனிடம் அரை மணி நேரம் பேச இவளுக்கு அப்படி என்னதான் இருக்கிறது? போனை வைத்துவிட்டாலோ அவன் பெயரையே எடுக்க மாட்டாள். 'மணி இருந்தா இந்நேரம்...' என்று இவர் ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை ஆனால் பெருமாள் கோயில். காலையில் போனால் மத்தியானம்தான் திரும்புவாள். புடவையில் எண்ணெய் வாசம் அடிக்கும். சாப்பாடு வேண்டாம், பிரசாதமே வயிறு நிறைந்துவிட்டது என்பாள். பெருமாள் அவளுக்கு மட்டும் நிம்மதியைக் கொடுத்துவிட்டார் என்று அப்பாசாமிக்குப் பொறாமை.

அவருக்கு நிம்மதி இல்லை. ராத்திரி விழித்தால் மணியின் காலிக் கட்டில் தெரிந்தது. பேப்பர், பேப்பர் என்று காதுக்குள் கேட்டது.

அந்தப் பேப்பர் மாற்றுகிற வேலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேலை தெரிந்தவன் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி. மூன்றாவது கேள்வி. அதற்குத்தான் இந்தப் புதன்கிழமை மத்தியானம் இந்த வரிசை.

"ஊ மின் லுவின்!"

அவர் முறை வந்துவிட்டது. நீள வரிசை ஒரு அடிகூட நகரவில்லை.

உள்ளே நுழைந்ததும் கவுண்டர் தெரிந்தது. நீளமான வெள்ளை மரப்பலகை, அதன் முன்னால் எட்டு உயர ஸ்டூல்கள். பலகைக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டியோடு தலையில் துணி கட்டிய ஒரு ஜப்பானியர். அவர் பக்கத்தில் ஒரு பர்மியப் பெண். அவள் கை ஒரு தட்டின் மேல் போயிற்று, வந்தது. பழைய பேப்பர் இல்லை. புதுப் பேப்பர் இருந்தது.

அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. அதற்குள் அப்ஸானா அவரைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மேஜையில் உட்கார வைத்தாள். மேஜைக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு தூண். வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம். இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் கை எட்டாத தூண்.

"அம்மா, அந்தக் கவுண்டர்ல ஒரு இடம்..."

"அது அந்த வரிசைக்காரங்களுக்கு. நீங்க சாப்பிடத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப இதுதான் வசதி."

தட்டு வந்தது. பன்னிரண்டு உருப்படி, முன்கூட்டியே விரித்த பேப்பர் மேல், குவியலாக. அப்பாசாமி யோசித்தார். பேப்பர் எண்ணெயானால்தானே மாற்ற வருவார்கள்? ஒரு இறாலை எடுத்துப் பேப்பர் முழுக்கத் தேய்த்தார். கத்தரிக்காயால் மூலைகளைத் துடைத்தார். பேப்பர் கண்ணாடி மாதிரி ஆயிற்று. யாரும் வரவில்லை. அப்ஸானாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மேஜைக்கெல்லாம் ஒரே பேப்பர்தான். மாத்தறது கவுண்டர்ல மட்டும்" என்றாள்.

அப்பாசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு முதுகு வலிம்மா. தாழ்ந்த நாற்காலியில உட்காரக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. அந்த மாதிரி உயர ஸ்டூல்னா..."

"அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா?"

அவள் பறந்தாள். கவுண்டரில் ஒரு இடம் ஒழித்துக் கொடுக்கப்போகிறாள் என்று எழுந்து நின்றார். அவள் ஒரு உயர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே மேஜைக்கு முன்னால், அதே தூணுக்குப் பின்னால் போட்டாள்.

வேறு வழியில்லை. ஏறி உட்கார்ந்தார். தலை மேலே விளக்குக் கூண்டில் இடித்தது. மேஜை முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர். கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலக் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். பக்கத்து மேஜை ஜோடி போட்டோ எடுத்தது. ஒன்பதாவது உருப்படி ஜப்பான் சாப்பாட்டுக் குச்சிகளிலிருந்து நழுவி மடியில், லோஞ்சிக் கைலி மேல் விழுந்தது.

"ஐயோ முருகா!"

தூணுக்குப் பின்னாலிருந்து அப்ஸானாவின் தலை எட்டிப் பார்த்தது. "அட, தமிழா நீங்க?" என்றாள் தமிழில். "மின் லுவின்னு சொன்னீங்க?"

"அது கார்டுக்கு."

"எனக்கும் கார்டுல வேற பேர்தான். அப்ப மாமான்னே கூப்பிடறேன். முதுகு எப்படி இருக்கு மாமா?"

சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. என் மகன் பேப்பர் மாத்தறவன் அம்மா, அதைப் பார்க்க வந்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் இதுவரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நெல்சனிடம் சொன்னதில்லை. கண்ணாடி முன்னால் சொன்னதில்லை. வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

"முதுகெல்லாம் சும்மா சொன்னேன். நானும் தொழில்காரன் அம்மா. எண்ணெய்ச் சட்டி. முப்பது வருஷமா பஜ்ஜிக் கடை. அதான், உங்க ஆளு சுடறதைப் பக்கத்துல இருந்து பார்க்கலாம்னு..."

"முப்பது வருஷமா! எங்க கடை?"

ரங்கூனுக்குள் சொன்னால் தேடி வந்துவிடுவாள். ஆற்றைத் தாண்டிவிடுவது நல்லது. "த்வாண்டேல."

"கடை பேர்?"

"பேரா? பேரே கிடையாது. அவ்வளவு பிரபலம்."

அப்ஸானா அவரை மேலும் கீழும் பார்த்தாள். விறுவிறுவென்று கவுண்டருக்குப் போய் அந்த ஜப்பானியரிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, தலைத் துணியை அவிழ்த்துவிட்டு, அப்பாசாமி இருந்த திசையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். அப்பாசாமியும் குனிந்தார். விளக்குக் கூண்டு மறுபடி இடித்தது.

"வாங்க மாமா. மாஸ்டர் கூப்பிடறார்" என்றாள் அப்ஸானா. "நீள வரிசைக்காரங்க என்னைக் கொன்னுடுவாங்க. பரவாயில்ல, தொழில்காரர்."

ஒரு பொய்க்கு ஸ்டூல். இன்னொரு பொய்க்கு சிம்மாசனம். கவுண்டரின் நட்டநடுவில் உட்கார வைத்தார்கள்.

இடது பக்கம் ஜாக்கெட் கிழவர். எப்போது உள்ளே வந்தாரோ. அவர் தட்டில் இருந்ததை அவர் தொடவே இல்லை. சமையல்கட்டின் மூலையில் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். தொட்டியை! வலது பக்கம் தனாக்கா பூசிய அம்மாள். அவர் பேப்பர் மாற்றும் பெண்ணிடம் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நாள் முழுக்க நின்னா கால் வீங்காதா மகளே?"

"வீங்கும் அத்தை. ராத்திரி தலகாணி மேல காலைத் தூக்கி வெச்சுக்குவேன்."

"சாப்பாடு எத்தனை மணிக்கு விடறாங்க?"

"மூணு மணிக்கு அத்தை."

அந்தப் பெண் தினமும் கேட்டுப் பழகிய கேள்விகளைப் போல அலுக்காமல் பதில் சொன்னாள். 'சாப்பிட வந்த இடத்தில் சாப்பிடாமல், என்ன ஜனங்களோ' என்று அப்பாசாமி தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் முன்னால் தட்டு வந்தது. தட்டில் பேப்பர். இரண்டு மூலையும் ஒன்றன் மேல் ஒன்று படியாமல், கோணலாக ஒரு மடிப்பு. மேல் மூலை எட்டிப் பார்த்தது. எங்கேயோ பார்த்த மடிப்பு. எங்கே என்று பிடிபடுவதற்குள் மாஸ்டர் அதன் மேல் ஒரு இறாலை வைத்தார்.

கடித்தார். மாவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பஜ்ஜி காய்ச்சலில் படுத்து இளைத்துப்போனது மாதிரி ஒரு மெல்லிய முறுமுறுப்பு. உள்ளே இறால் தித்தித்தது. நல்லாத்தான் இருந்தது. ஆனால் அவர் அதற்கு வரவில்லை.

அடுத்து பூசணி. பிறகு வெண்டை, மீன், சர்க்கரைவள்ளி. ஒவ்வொன்றாக, சுடச்சுட. மேஜையில் தின்ற எட்டும் உள்ளே ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. ஐந்தாவதை விழுங்கியதும் போதும் என்று சொல்ல நினைத்தார். எந்த மொழியில் சொல்வது? அப்ஸானா வாசலுக்குப் போய்விட்டாள். அதனால், பிறந்ததிலிருந்து எந்தப் பந்தியிலும் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். பேப்பரின் அந்தப் பக்கத்தைத் தூக்கித் தன் பக்கமாக மடித்தார். இலையை மடிப்பது போல. திருப்தி, போதும், உறவு நீடிக்கட்டும்.

பேப்பர் மாற்றும் பெண் பார்த்தாள். மடித்திருக்கிறது. அழுக்கான பேப்பரை வாடிக்கையாளரே மடித்து வைத்துவிட்டார். அவள் கை வந்தது. பழையது போயிற்று. புதியது உட்கார்ந்தது.

புதுப் பேப்பர் என்றால் புது இறால். அந்தக் கடை வழக்கம் அது. மாஸ்டர் வைத்தார்.

இன்னொன்றா என்று அப்பாசாமி இறாலை முறைத்தார். ஆனால் அடுத்த கணம் வேறொன்று உறைத்தது. பார்த்துவிட்டார்! ஒரு சாண் தூரத்தில், அந்த வேலையை, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்துவிட்டார். ஆனால் சரியாகப் பார்க்கவில்லை. கை மிகவும் வேகம்.

இறாலைத் தின்றார். மறுபடி மடித்தார். இந்தத் தடவை தெரிந்தே மடித்தார்.

இரண்டாவது மாற்றலில், இடது கை தட்டைப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தது. ஒரு கத்தரிக்காய். மூன்றாவதில், அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளைப் பார்க்காமலே எடுக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு காளான். நான்காவதில், மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் இருக்க அமுக்கிவிட்டு, எட்டிப் பார்க்கும் மூலை சாப்பிடுகிறவரைப் பார்க்கும்படி தட்டைத் திருப்புகிறாள் என்று தெரிந்தது. ஒரு மீன். பெல்ட் இல்லாத லோஞ்சி கட்டி வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். முடிச்சைத் தளர்த்திவிட்டு மறுபடி மடித்தார்.

ஐந்தாவதில்தான் அது தெரிந்தது. அவள் விரல் நுனி தாளில் படவே இல்லை. விரல் முட்டியாலும் சுண்டுவிரல் ஓரத்தாலும் மடித்தாள். நுனி பட்டால் எண்ணெய் ரேகை விழுந்துவிடும். வெள்ளைத் தாளில் ஒரு ரேகை இல்லை.

அப்பாசாமி மெல்லுவதை நிறுத்தினார். மணியின் பள்ளிக்கூட நோட்டுகள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் வடை தின்ற விரல் ரேகை. அதற்காக எத்தனை நாள் முதுகில் போட்டிருக்கிறார்! அந்தப் பயலா இதைச் செய்கிறான்? அந்தக் கையா?

'ரேகை படாம எப்படிடா மடிக்கிறே மணி?'

கிடைத்துவிட்டது. மூன்றாவது கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாள் எப்படிப் போகும் என்றிருந்தது. கேள்வி கிடைத்த பிறகு மடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் அந்தக் கை இன்னொரு தடவை வருவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. மடித்தார். பிறகு இன்னொரு தடவை.

மாஸ்டர் குச்சிகளை வைத்துவிட்டார். அவர் கண் பளபளத்தது. அப்ஸானாவைக் கூப்பிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"மாமா, இத்தனை பேப்பர் மாத்தின ஆளை அவர் இருபத்தஞ்சு வருஷத்துல பார்த்ததில்லையாம். ஒவ்வொண்ணுக்கும் புதுப் பேப்பர் கேட்டீங்களாம். தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த மரியாதை தெரியுமாம்."

"சந்தோஷம்" என்றார் அப்பாசாமி, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

"அதனால நீங்க ஒண்ணு சுட்டுக் காட்டணுமாம்."

"யாரு?"

"நீங்கதான். த்வாண்டே கைப்பக்குவத்தைப் பார்க்கணுமாம்."

வேண்டாம் என்பதற்குள் கழுத்தில் ஏப்ரன் விழுந்தது. பலகையைத் தூக்கி வழிவிட்டார்கள். கையில் முழ நீளக் குச்சிகள். எதிரே கொதிக்கும் எண்ணெய். மற்ற ஏழு ஸ்டூலும் அவரையே பார்த்தன. ஜாக்கெட் கிழவர் தொட்டியை விட்டுவிட்டு இவர் பக்கம் போனைத் திருப்பினார்.

வீட்டில் எந்தப் பக்கம் திருகினால் அடுப்பு எரியும் என்றுகூட அப்பாசாமிக்குத் தெரியாது. ஒரு இறாலை மாவில் முக்கினார். எண்ணெய்க்குப் பயந்து நெஞ்சு உயரத்திலிருந்து அதை விட்டார்.

தொப்!

மாஸ்டர் ஒரு அடி பின்னால் குதித்தார். மாவு ஒரு பக்கம் தோசை மாதிரி பரவியது. இறால் துணி உருவப்பட்ட மாதிரி இன்னொரு பக்கம் நீந்திப் போயிற்று.

சரியாக அந்த நேரம் கரண்ட் போயிற்று.

ரங்கூனில் கரண்ட் போனால் யாரும் பதறுவதில்லை. ஜெனரேட்டர் கிளம்பும்வரை பேசாமல் இருப்பார்கள். விசிறிகள் நின்றன. எண்ணெய் சடசடப்பது மட்டும் கேட்டது. அந்த அமைதியில் இன்னொரு பொய் தேடிப் பார்த்தார் அப்பாசாமி. ஒன்றும் மிச்சமில்லை.

"அம்மா அப்ஸானா, அவர்கிட்ட சொல்லிடு" என்றார். "நான் பஜ்ஜிக்காரன் இல்ல. வீட்ல வெந்நீர்கூட வெச்சதில்ல. ஷிப்பிங் ஆபீஸ் கிளார்க். என் பையன் ஜப்பான்ல டெம்புராக் கடையில பேப்பர் மாத்தறான். அது ஒரு வேலையாடான்னு திட்டிட்டேன். அன்னையிலேருந்து என்கிட்ட சரியா பேச மாட்டேங்கறான். அது என்ன வேலைன்னு பார்க்கத்தான் வந்தேன். சாப்பிட வரல."

அப்ஸானா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ஜப்பான் மொழியில் மாஸ்டருக்கும் பர்மியத்தில் கவுண்டருக்கும் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. விசித்திரம், யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. ஜாக்கெட் கிழவர் தன் தண்ணீர்க் கிளாசை அப்பாசாமி பக்கம் நகர்த்தினார்.

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இரண்டு கையாலும் அப்பாசாமியிடம் நீட்டி, தனாக்கா அம்மாளின் தட்டைக் காட்டினார்.

அப்பாசாமி தாளை வாங்கிக்கொண்டார். இடது கையால் தட்டைப் பிடித்தார். விரல் நுனி படாமல், முட்டியால் தள்ளி, சுண்டுவிரல் ஓரத்தால் ஒரு மடிப்பு. கோணல் கொஞ்சம் அதிகமாகத்தான் போயிற்று. அமுக்கினார். எட்டிப் பார்க்கும் மூலை அம்மாளைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பினார். ஒரே ஒரு ரேகை விழுந்துவிட்டது. பரவாயில்லை. மணிக்கும் முதல் நாள் விழுந்திருக்கும்.

அந்த அம்மாள் வெறும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் எதையும் வைக்க விடவில்லை. புடவைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்ப் புகை ஆகாதுபோலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் அப்பாசாமி.

ஜெனரேட்டர் உறுமியது. விசிறிகள் சுற்றின. ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வயிற்றைத் தாங்கியபடி வாசலுக்கு வந்தார். வெளியே நீள வரிசை இன்னும் நீண்டிருந்தது. அப்ஸானா வழியை மறித்தாள்.

"பையன் போட்டோ வெச்சிருப்பீங்களே. காட்டுங்க."

"வெச்சிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காட்டுங்க மாமா."

போனை எடுத்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு அடுக்குத் தாளோடு தமிழ்மணி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா" என்றார் அப்பாசாமி. "இவன் அம்மா மனசைக் கல்லாக்கிக்கிட்டு, பெருமாளே கதின்னு இருக்கா. நான் இப்படி வந்து உட்கார்ந்தது தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

அப்ஸானா போட்டோவைப் பார்த்தாள். டிராபிக் போலீஸ் களை போய், முகம் முழுக்கச் சிரிப்பானாள்.

"அட, நம்ம மணி! தப்பான வரிசையில நின்னுட்டீங்களே மாமா. பிள்ளைங்க ஜப்பான்ல இருக்கிறவங்களுக்குத்தான் அந்த நீள வரிசை. சனிக்கிழமையானா அதுல முதல் ஆளா நிக்கிறதே இவன் அம்மாதான்!"